சியோலில் குளிர்காலம்: முதன்முறை செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

சியோல் நகருக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் முதன்முறையாகச் செல்பவர்கள், எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியலிலிருந்தே திட்டமிடத் தொடங்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் அது போதும். குளிர்காலத்தில் எந்த நேரத்தில் வெளியே இருப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைவது, அடுத்த கதகதப்பான இடம் எங்கே என்ற கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும். இடங்களின் பட்டியல் அதற்குப் பிறகே வர வேண்டும். உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துச் சென்றபோதும், தாமாகச் சென்று திரும்பியவர்களிடம் பேசியபோதும், எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்டேன். கீழே உள்ள படிகள் அந்தத் தடுமாற்றங்களை மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முந்தைய படி முடியாமல் அடுத்ததற்குப் போனால் பணமோ நேரமோ வீணாகும் என்பதால், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தேதியை முடிவு செய்தல்

சியோலில் ஜனவரி மாதமே மிகக் குளிரானது. அம்மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 அல்லது 6 டிகிரி. பகலின் உச்சமே 2 டிகிரி அளவில்தான் நிற்கும். சைபீரியாவிலிருந்து வடமேற்குக் காற்று வலுவாக இறங்கும் நாட்களில் அதிகாலை வெப்பநிலை மைனஸ் 15 வரை போவதுண்டு.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜனவரி மாதத்தைக் கழித்தவர்கள், இந்த எண்களைப் பார்த்து, சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஊட்டியில் விடியற்காலை புல்லில் உறைபனி படிந்தாலும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, நண்பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறோம். சியோலில் அந்த நண்பகல் ஆறுதல் கிடைக்காது. காலையில் உடலுக்குள் புகுந்த குளிர் மாலை வரை விலகாமல் சேர்ந்துகொண்டே போகும். இந்த வழிகாட்டியின் பெரும்பாலான அறிவுரைகளுக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

குளிரைத் தாங்குவோமா என்ற ஐயம் உள்ளவர்களுக்கு டிசம்பரின் முதல் பாதியைப் பரிந்துரைப்பேன். விளக்கு அலங்காரங்கள் தொடங்கியிருக்கும். ஜனவரியின் கடுமை இன்னும் வந்திருக்காது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்களுக்குப் பிப்ரவரியின் பிற்பகுதி ஏற்றது. வானம் தெளிவாக, காற்று கூர்மையாக இருக்கும் அசல் குளிர்காலத்தையே பார்க்க விரும்புபவர்கள் ஜனவரியில் செல்லலாம்.

பனிப்பொழிவைப் பார்ப்பதற்காகவே தேதி குறிப்பவர்களுக்கு ஒரு சொல். சியோலின் குளிர்காலம் வறண்டது. குளிர் இருக்கும் நாட்களிலெல்லாம் பனி விழாது. ஒரு வாரப் பயணத்தில் ஒருநாள்கூட விழாமல் போகலாம். மறுபுறம், 2024 நவம்பர் இறுதியில், அங்கே 1907இல் அளவீடு தொடங்கியதற்குப் பிறகு நவம்பர் மாதத்தில் காணாத அளவுக்குப் பனி கொட்டியது. ஆகவே பனியை எதிர்பார்த்துத் தேதி குறிக்க வேண்டாம். எந்தத் தேதியில் சென்றாலும் பனிக்கு ஏற்ற காலணியோடு செல்லுங்கள்.

சந்திர நாட்காட்டிப்படி வரும் கொரியப் புத்தாண்டான சியோல்லால், 2026இல் பிப்ரவரி 17 அன்றும் 2027இல் பிப்ரவரி 7 அன்றும் வருகிறது. அந்த நாளும் அதன் முன்னும் பின்னுமான நாட்களும் விடுமுறை. சிறு உணவகங்களும் சந்தைக் கடைகளும் மூடியிருக்கும். வெளியூர் ரயில்களில் இடம் கிடைக்காது. அரண்மனைகளில் கட்டணமில்லா நுழைவு உண்டு என்பதால் சிலர் அதற்கென்றே செல்கிறார்கள். முதல் பயணத்துக்கு அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது.

2. விசா முதலில், விமானச் சீட்டு பிறகு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் தென்கொரியாவுக்குள் நுழைய முன்கூட்டியே விசா வேண்டும். சென்னையில் கொரியத் துணைத் தூதரகமும் கொழும்பில் தூதரகமும் உள்ளன. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுகளுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை; ஆயினும் மின்னணு முன் அனுமதி தேவைப்படுகிறதா என்பதைப் புறப்படும் பருவத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, பணியிடச் சான்று, பயணத் திட்டம் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதியும் பயணத் திட்டத்தில் வேறு தேதியும் இருப்பது அடிக்கடி நிகழும் பிழை. ஆண்டு இறுதியில் விண்ணப்பங்கள் குவியும். ஆகவே ஒன்றரை மாத இடைவெளியாவது விட்டு விண்ணப்பியுங்கள். விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத சீட்டையோ அறையையோ வாங்க வேண்டாம்.

கொரியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகைப் படிவத்தைக் கொரிய அரசின் இணையதளத்தில் நிரப்பிவிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசின் தளம் அன்று.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் ஆகிய நகரங்களில் ஒன்றில் விமானம் மாறிச் செல்கிறார்கள். இறங்கும் நேரத்தைக் கவனித்துச் சீட்டைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவுக்கு மேல் இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கினால், ரயில் இல்லாத நேரத்தில், உடல் பழகாத குளிரில், பெட்டிகளோடு நிற்க நேரிடும். காலையிலோ நண்பகலிலோ இறங்கும் விமானம் சற்று விலை கூடுதலானாலும் அது நியாயமான செலவே.

3. உடை: எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது

ஒரே ஒரு மிகத் தடிமனான கோட்டை வாங்கி, அதன் உள்ளே வழக்கமான பருத்திச் சட்டையை அணிந்துகொள்வதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. வெளியே குளிர் எலும்பைத் தொட்டாலும், மெட்ரோ பெட்டிக்குள்ளும் கடைகளுக்குள்ளும் வெப்பம் நம் ஊர் அளவுக்கு இருக்கும். கோட்டுக்குள் வியர்க்கும், பருத்தி அந்த வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மறுபடி வெளியே வந்ததும் அந்த ஈரம் உடலைக் குளிர வைக்கும். சளி, காய்ச்சல் என்று படுத்தவர்கள் பலர் குளிரால் நடுங்கியதைவிட இப்படி வியர்த்து உலர்ந்தே துன்பப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்று அடுக்குகள் வேண்டும். உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும். அதன்மேல் கழற்றுவதற்கு எளிதாக முன்புறம் ஜிப் வைத்த கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும், இடுப்புக்குக் கீழே இறங்கும் கோட். முழங்காலுக்கும் கீழே வரும் பஞ்சு அடைத்த நீளக் கோட்டுகளைக் கொரியர்கள் அணிந்திருப்பதைக் காண்பீர்கள். தொடையில் படும் காற்றை அது தடுப்பதால், ஜீன்ஸுக்குள் கூடுதலாக எதையும் திணிக்க வேண்டியதில்லை.

தெர்மல் உள்ளாடைகளை இங்கேயே வாங்கி, ஒருநாள் அணிந்து பார்த்துவிட்டுச் செல்லுங்கள். தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே போய்த் தெரிவதில் பயனில்லை. வெளிக் கோட்டை நண்பர்களிடம் இரவல் பெறுவது சிறந்தது. கிடைக்காவிட்டால் காற்றைத் தடுக்கும் சாதாரண ஜெர்கினோடு இறங்கி, நாம்தேமுன் சந்தையிலோ தோங்தேமுன் கடைகளிலோ வாங்கலாம். நம் ஊரில் குளிர் ஆடை என்று விற்கப்படும் பல ஜெர்கின்கள் பைக் ஓட்டுவதற்கானவை. அவை காற்றைத் தடுக்குமே தவிர உடற்சூட்டைப் பிடித்து வைப்பதில்லை.

கோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சரக்கில் போட்டுவிடாதீர்கள். பெட்டி தாமதமானால் முதல் நாள் முழுவதும் அறையைவிட்டு வெளியேற முடியாது. கையில் எடுத்துச் செல்லுங்கள்.

தலை, காது, கழுத்து, விரல்கள் ஆகிய நான்கையும் மூடினால் உடலின் பெரும்பகுதிக் குளிர் குறைந்ததுபோல் தோன்றும். நம் வீட்டுக் குரங்குக் குல்லா அழகில் குறைவாகத் தெரிந்தாலும் காதையும் தாடையையும் அது மூடுவதுபோல் வேறெதுவும் மூடுவதில்லை. மஃப்ளரோடு அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை, காதுமூடி, கூடுதல் காலுறை ஆகியவற்றை அங்குள்ள டைசோ கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கலாம். திறன்பேசித் திரையைத் தொடக்கூடிய கையுறையே வேண்டும். இல்லையெனில் வரைபடம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற நேரும்.

காலணியில் இரண்டு பிழைகள் நிகழ்கின்றன. முதலாவது, ஓட்டப் பயிற்சிக்கான வலைத்துணி ஷூவை அணிந்து செல்வது. காற்றும் ஈரமும் அதன் வழியாக நேராக உள்ளே வரும். இரண்டாவது, தடித்த காலுறையைச் சரியான அளவு ஷூவுக்குள் திணிப்பது. இறுக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மேலும் மரத்துப்போகும். அரை அளவு பெரிதான, அடிப்பகுதியில் ஆழ்ந்த வரிகள் கொண்ட, நீர் புகாத ஷூவே ஏற்றது. ஓரிரு வாரம் முன்பே அணிந்து பழகிக்கொள்ளுங்கள்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெயை நம்பிச் செல்ல வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வாசலின், உதட்டுக்கான லிப் பாம், கைகளுக்கான கெட்டியான க்ரீம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, தோல் வெடித்த பிறகு தேடாமல் முதல் நாளிலிருந்தே பூசத் தொடங்குங்கள்.

4. தங்குமிடம்: வாசலிலிருந்து மெட்ரோ வரை எத்தனை நிமிடம்

அறையின் படங்களைவிட, அருகிலுள்ள மெட்ரோ வாயிலுக்கும் விடுதிக்கும் இடையிலான தூரமும் ஏற்றமும் முக்கியம். வசந்தத்தில் இனிமையான பத்து நிமிட நடை, மைனஸ் 8 டிகிரியில் இரவு ஒன்பது மணிக்கு முற்றிலும் வேறானது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டிய விடுதியைக் குளிர்காலத்தில் தவிர்க்கவும்.

சியோல் மலைகளுக்கிடையே அமைந்த நகரம். நாம்சான் மலைச் சரிவிலும் இதேவோன் பகுதியின் மேட்டுத் தெருக்களிலும் அறைகள் மலிவாகக் கிடைக்கும். பனி உறைந்த மறுநாள் காலை அந்தச் சரிவில் பெட்டியோடு இறங்குவது ஆபத்தானது. முதல் பயணத்துக்கு மியோங்தோங், ஜோங்னோ, உல்ஜிரோ, ஹோங்தே ஆகியவற்றின் சமதளத் தெருக்கள் போதும். முதல் மூன்றும் அரண்மனைகளுக்கு அருகில் உள்ளன. ஹோங்தே விமான நிலைய ரயில் பாதையிலேயே உள்ளது.

மெட்ரோ வாயில்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி இருக்காது. எந்த எண்ணுள்ள வாயிலில் மின்தூக்கி உள்ளது என்று முன்பதிவு செய்யும்போதே விடுதியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. புறப்படும் முன் திறன்பேசியிலும் பையிலும் இருக்க வேண்டியவை

நேவர் மேப் செயலியை இறக்கி, ஆங்கில மொழிக்கு மாற்றி, தங்குமிடத்தையும் பார்க்க வேண்டிய இடங்களையும் சேமித்து வையுங்கள். நமக்குப் பழகிய கூகுள் மேப், கொரியாவின் வரைபடத் தரவுக் கட்டுப்பாடுகளால் அங்கே நடைவழி காட்டுவதில் நெடுங்காலமாகவே குறையோடு இருந்துவருகிறது. குளிரில் தவறான வாயிலில் ஏறி ஒரு பெரிய சாலையைச் சுற்றி வருவது சிறு விஷயமாகத் தோன்றாது. நேவர் மேப் எந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்பதையும் சொல்லும். மொழிபெயர்ப்புக்குப் பப்பாகோ செயலி ஏற்றது.

கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் குறைவதால், முப்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும் திறன்பேசி திடீரென அணைந்துவிடும். அதைக் கோட்டின் வெளிப் பையில் வைக்காமல் உள்பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். பவர் பேங்க் கட்டாயம் வேண்டும். ஆனால் 2025 மார்ச் முதல் கொரிய விமானங்களில் அதை மேலே உள்ள பெட்டியறையில் வைக்க அனுமதியில்லை. கையிலோ முன் இருக்கைப் பையிலோ இருக்க வேண்டும்.

அங்கே மின்சாரம் 220 வோல்ட் என்பதால் கருவிகளுக்குச் சிக்கல் இல்லை. நம் மூன்று முள் செருகி அங்குள்ள வட்டத் துளையில் நுழையாது. ஒரு மாற்றுச் செருகி எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே திறந்துவிடுங்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டு வலி உள்ளவர்கள் மருந்துகளோடு மருத்துவரின் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். குளிர்க் காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அதை எட்டும் இடத்தில் வைத்திருப்பது அவசியம்.

6. விமான நிலையத்தில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

விமானத்திலிருந்து இறங்கியதும் முதலில் கழிப்பறையில் தெர்மல் உள்ளாடையை அணிந்துகொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு உடை மாற்ற இடம் தேடுவது கடினம்.

அடுத்து ஏதாவது ஒரு பலசரக்குக் கடையில், அதாவது ஜிஎஸ்25, சியூ போன்ற பெயர் தாங்கிய சிறு கடையில், டி-மணி அட்டையை வாங்கி ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றுங்கள். மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் இது செல்லும். 2025 ஜூன் முதல் மெட்ரோவின் அடிப்படைக் கட்டணம் 1,550 வோன். பேருந்திலிருந்து இறங்கும்போதும் அட்டையைத் தொட்டுவிட்டு இறங்குங்கள். அப்போதுதான் அரை மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த வண்டிக்கு மாற்றுச் சலுகை கிடைக்கும். குளிர்காலத்தில் இந்தச் சலுகையின் பயன் பணத்தோடு நிற்பதில்லை. இரண்டு நிறுத்தத் தூரத்தைக்கூட நடக்காமல் பேருந்தில் கடந்துவிடலாம்.

நகருக்குச் செல்ல விமான நிலைய ரயில் சிறந்தது. பனி விழுந்தாலும் சாலை நெரிசல் அதைத் தொடாது. அதில் இரு வகைகள் உண்டு. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 43 நிமிடத்தில் எங்கும் நிற்காமல் சியோல் நிலையத்தை அடையும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் கட்டணம் பாதிக்கும் குறைவு. ஹோங்தேயில் தங்குபவர்கள் விரைவு ரயிலில் ஏறிவிட்டு, அது அங்கே நிற்காது என்று பிறகு உணர்கிறார்கள். அவர்களுக்கு நின்று செல்லும் ரயிலே சரி. பெரிய பெட்டிகளோடு வரும் குடும்பங்கள், விடுதி வாசலருகே இறக்கும் விமான நிலையப் பேருந்தை எடுப்பது மேல்.

7. அறையின் தரைச் சூட்டைப் பழகிக்கொள்ளுதல்

பல விடுதிகளிலும் வீடுகளிலும் தரையின் கீழே சூடான நீரை ஓடவிட்டு அறையை வெப்பமாக்கும் ஓன்தோல் முறை உள்ளது. இது மின்விசிறிபோல் உடனே வேலை செய்யாது. தரை சூடாக நெடுநேரம் ஆகும். சூடானால் ஆறவும் நேரமாகும். அறைக்குள் நுழைந்ததும் குளிர்கிறதே என்று அளவை உச்சத்துக்குத் திருகிவிட்டு, நள்ளிரவில் தொண்டை வறண்டு எழுவது புதியவர்களின் வழக்கம். 21, 22 டிகிரியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். வெளியே போகும்போது முழுவதுமாக அணைத்துவிட வேண்டாம்; திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து காத்திருக்க நேரும்.

காற்று மிகவும் வறண்டிருக்கும். படுக்கைக்கு அருகே ஈரத் துண்டைத் தொங்கவிட்டால் மூக்கும் தொண்டையும் தப்பிக்கும். தாகம் தோன்றாவிட்டாலும் நீர் குடியுங்கள். கடுங்குளிர் நாட்களில் அடுக்குமாடிக் கட்டடங்களில் வடிகுழாய் உறையும் என்பதால் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிப்பார்கள். வாடகை வீட்டில் தங்குபவர்கள் அதை மீறினால் கீழ்த்தளத்தில் நீர் தேங்கிவிடும். உள்ளாடை, காலுறைகளைக் கையால் அலசி, சூடான தரையில் விரித்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.

8. ஒரு நாளை வகுக்கும் முறை

ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் காலை 7.47க்குத்தான் உதிக்கிறது, டிசம்பரில் மாலை ஐந்தேகால் மணிக்கே மறைந்துவிடுகிறது. சியோல் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி முன்னே இருப்பதால், முதல் ஓரிரு நாட்கள் காலையில் எழுவதும் கடினம். எனவே காலை ஏழு மணிக்குக் கிளம்பும் திட்டத்தைப் போட வேண்டாம். பத்து மணிக்கு வெளியே வந்து, வெயில் உள்ள நண்பகல் நேரத்தைத் திறந்தவெளி இடங்களுக்கும், மாலையை உள்ளரங்க இடங்களுக்கும் ஒதுக்குங்கள்.

வெளியே நாற்பது நிமிடம், உள்ளே இருபது நிமிடம் என்பதே நான் பரிந்துரைக்கும் தாளம். உடல் நடுங்கத் தொடங்கிய பிறகு உள்ளே போனால் மறுபடி சூடேற நெடுநேரமாகும். நடுங்கும் முன்பே போனால் சில நிமிடம் போதும். இதை ஏற்கத் தயங்குபவர்கள் பகல் இரண்டு மணிக்கே களைத்து அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தத் தாளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. கியோங்பொக்குங் அரண்மனைக்கு மெட்ரோ மூன்றாம் தடத்தில் அதே பெயருள்ள நிலையத்தில் இறங்கி ஐந்தாம் வாயிலில் ஏறினால், தெருவில் நடக்காமல் நேரே அரண்மனை வளாகத்துக்குள் வந்துவிடலாம். காலை பத்து மணிக்குக் காவலர் மாறும் நிகழ்ச்சி முன்வாயிலில் நடக்கும். குளிர் மிகக் கடுமையானால் அதை ரத்து செய்வதுண்டு. 3,000 வோன் கொடுத்து உள்ளே நுழைந்து, அரியணை மண்டபத்தையும், குளத்தின் நடுவே நிற்கும் கியோங்ஹேரு மாளிகையையும் பாருங்கள். குளம் உறைந்து, அதற்குப் பின்னே மலை தெரியும் அந்தக் காட்சி வேறெந்தப் பருவத்திலும் கிடைக்காது. அதற்குள் விரல்கள் மரக்கத் தொடங்கும். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தேசிய நாட்டுப்புற அருங்காட்சியகம் கட்டணமில்லாதது, கதகதப்பானது; கொரிய மக்களின் அன்றாட வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவும் உதவுவது. அங்கே நன்றாக உடலைச் சூடாக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு, ஒரு நிலையம் தள்ளியுள்ள ஆங்குக் நிலையத்திலிருந்து புக்சோன் ஓட்டுவீட்டுத் தெருக்களுக்குச் செல்லலாம். அங்கே மக்கள் வாழ்கிறார்கள். நெரிசலான பகுதியில் சுற்றுலாப் பயணிகள் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டுமே நடமாடலாம்; மீறினால் ஒரு லட்சம் வோன் வரை அபராதம் உண்டு. தெருக்கள் சரிவானவை என்பதால் பனி விழுந்த மறுநாள் இதைத் தள்ளிவையுங்கள். நான்கு மணியளவில் இன்சாதோங் தெருவில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்து இலந்தைப்பழத் தேநீர் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு சொங்கேச்சொன் ஓடையை அடையுங்கள். அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் அங்கே விளக்குத் திருவிழா நடந்துவருகிறது. ஓடை சாலை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் காற்று சற்றுக் குறைவாக வீசும்.

இன்னும் சுற்றிப் பார்க்கத் தெம்பிருந்தால், நகர மன்ற நிலையத்திலிருந்து தோங்தேமுன் வரை உல்ஜிரோ சாலைக்குக் கீழே ஓடும் சுரங்க நடைபாதையில் கடைகளைப் பார்த்தபடியே போகலாம். கடுங்குளிர் நாளுக்கு இதுபோன்ற இடங்களே காப்பு. யோங்சானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. அரைநாள் அங்கே போதாது. சாம்சொங் நிலையத்தோடு இணைந்த கோயெக்ஸ் வணிக வளாகமும் அப்படியே.

விடுமுறை நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கியோங்பொக்குங் செவ்வாய்க்கிழமை மூடப்படும், சாங்தியொக்குங், தொக்சுகுங் அரண்மனைகள் இரண்டும் திங்கட்கிழமை மூடப்படும். குளிர்கால மாதங்களில் கியோங்பொக்குங் மாலை ஐந்து மணிக்கே மூடும், கடைசி நுழைவு நான்கு மணி. கோடைக்கால நேரத்தைப் பார்த்துவிட்டு நாலரை மணிக்கு வந்து வாயிலில் நிற்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் காணலாம்.

பலசரக்குக் கடைகளில் விற்கும் சூட்டுப் பைகளைக் கோட்டுப் பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூடாவதால், பிரித்ததும் குலுக்கி, சிறிது காற்றுப் படும்படி வைக்க வேண்டும். வெறும் தோலில் ஒட்டக் கூடாது. அதோடு தூங்கவும் கூடாது. சூடு மிதமாகத் தோன்றினாலும் பல மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்து கொப்புளமாகும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் காலணிக்குள் வைக்கும் வகையை அறவே தவிர்க்க வேண்டும்.

9. உணவு: குளிரில் பசி விரைவாக வரும்

காலை உணவைத் தவிர்த்துவிட்டு வெளியே போக வேண்டாம். வெறும் வயிற்றில் குளிர் இரட்டிப்பாகத் தெரியும். பல உணவகங்கள் பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முந்தைய இரவே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் தெளிந்த சூப்புகளில் கவனமாக இருக்க வேண்டும். சொல்லொங்தாங், கால்பிதாங், புத்தாண்டுக்குச் சமைக்கும் தொக்குக் ஆகியவை வழக்கமாக மாட்டெலும்பிலோ மாட்டிறைச்சியிலோ செய்யப்படுபவை. சைவர்களுக்குச் சிக்கல் மேலும் நுட்பமானது. கிம்ச்சியில் பொதுவாக உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். காய்கறிச் சூப் என்று சொல்லப்படுவதும் நெத்திலிக் கருவாட்டுச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். இறைச்சியை நீக்கித் தாருங்கள் என்பதற்கு “கோகி ப்பே ஜுசெயோ” என்று சொல்லலாம். ஆனால் அது மீனை விலக்காது. முட்டை, மீன் உள்பட வேண்டாதவை அனைத்தையும் கொரிய மொழியில் எழுதிய ஒரு படத்தைத் திறன்பேசியில் வைத்திருந்து காட்டுவதே உறுதியான வழி. புத்த மடாலய உணவகங்களும், இதேவோன் பகுதியின் இந்திய உணவகங்களும் துணை செய்யும்.

தெருவோர உணவில் தடையின்றிச் சாப்பிடக் கூடியவை பல உண்டு. சர்க்கரையும் கொட்டைகளும் வைத்துச் சுட்ட ஹோத்தொக், வாட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சுட்ட கஷ்கொட்டை ஆகியவை கையையும் சேர்த்துச் சூடாக்கும். புங்ஒப்பாங் மீன் வடிவில் இருந்தாலும் உள்ளே இனிப்பான சிவப்புப் பயறுதான். மாவில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதைமட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓமுக் என்பது மீன் மாவில் செய்தது. நகரமெங்கும் அட்டையே செல்லும் என்றாலும் இந்தத் தள்ளுவண்டிகளுக்கு ரொக்கம் வேண்டும். குளிர்காலத்தில் சட்டைப் பையில் எப்போதும் 3,000 வோன் வைத்திருக்க வேண்டும் என்று கொரியர்களே சொல்லிக்கொள்வார்கள்.

10. பனி, கடுங்குளிர் எச்சரிக்கை, தூசு நாள்

வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றோடு சேர்த்து உடல் உணரும் வெப்பநிலையைப் பாருங்கள். காலைக் குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 12 அல்லது அதற்குக் கீழே இரண்டு நாட்களாவது நீடிக்கும் என்றால் கடுங்குளிர் அறிவிப்பு வரும். மைனஸ் 15 என்றால் அடுத்த நிலை எச்சரிக்கை. திறன்பேசியில் உரத்த ஒலியோடு கொரிய மொழியில் செய்தி வந்தால் அஞ்சாமல் பப்பாகோவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். அந்த நாட்களில் நாம்சான் உச்சியையும் ஹான் ஆற்றங்கரையையும் விட்டுவிடுங்கள். காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

பனி விழும்போது நடப்பது எளிது. அது மிதிபட்டு உருகி, இரவில் மறுபடி உறைந்த பிறகே வழுக்கும். நிழல் விழும் சந்துகளிலும் மெட்ரோ படிக்கட்டுகளின் மேற்படிகளிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். கைகளைப் பைக்குள் விட்டபடி நடக்காதீர்கள். வழுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கை வேண்டும். சிறு அடிகளாக, பாதத்தை முழுவதுமாகப் பதித்து நடக்க வேண்டும்.

குளிர் சற்றுத் தணிந்து காற்று நின்றுபோகும் நாட்களில் நுண்தூசு பெருகுவது வழக்கம். வெயிலும் இதமும் கண்டு நாள் முழுவதும் வெளியே திரியத் தூண்டும் அந்த நாளில்தான் கேஎஃப்94 முகக்கவசம் தேவைப்படும். மருந்துக் கடைகளில் கிடைக்கும். குளிர் நாட்களில் அதே கவசம் முகத்துக்கும் சூடு தரும்.

அவசர மருத்துவ உதவிக்கு 119, காவல்துறைக்கு 112, ஆங்கிலத்தில் பேசிச் சுற்றுலா உதவி பெற 1330. விரல் நுனியோ காது மடலோ வெளிறி உணர்வற்றுப்போனால் தேய்க்காதீர்கள்; உள்ளே சென்று, வெதுவெதுப்பான நீரிலோ உடற்சூட்டிலோ மெல்லச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

11. திரும்பும் நாள்

டி-மணி அட்டையில் மீதமுள்ள சிறு தொகையைப் பலசரக்குக் கடையிலேயே, 500 வோன் கழித்துக்கொண்டு திரும்பப் பெறலாம். 15,000 வோனுக்கு மேற்பட்ட பொருட்களுக்குச் சுற்றுலாப் பயணிக்கான வரி விலக்கு உண்டு. கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டால் விமான நிலைய வரிசை மிச்சம்.

பெட்டியைக் கட்டும்போது கோட்டை அடியில் வைத்துவிடாதீர்கள். பனி நாளில் விமானத்தின் இறக்கைகளில் படிந்த பனியை நீக்க நேரம் பிடிக்கும்; புறப்பாடு தாமதமாவது இயல்பு. இடைநகரில் விமானம் மாறுபவர்கள் இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும்படியும், இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் அடங்கும்படியும் வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அப்படி வாங்கியவர்கள் முந்தைய நாள் மாலையே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, பனி எதிர்பார்க்கப்பட்டால் அன்றிரவே விமான நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்.